வீட்டு முன்னால் சாம்பல் நிறத்தில் ஒரு சென்ட்

காத்தாடியில் வேலை பார்த்தவன் நான். எங்கள் பக்கம் காற்றாலையைக் காத்தாடி என்றுதான் சொல்வோம். 1993இல் முப்பந்தலில் ஏற ஆரம்பித்து, முட்டி இரண்டும் தேய்ந்தபிறகு 2019இல் இறங்கினேன். 50 மீட்டர் உயரத்தில் மூடியைத் திறந்து தலையை வெளியே நீட்டினால், பங்குனி சித்திரையில் கீழே தெரிவது செம்மண், வைக்கோல் நிறத்தில் செத்த புல், நடுநடுவே சாம்பலாகச் சில திட்டுகள். முதல் வருடம் அதைப் பார்த்துவிட்டு, கான்கிரீட் போட்டவர்கள் சிமென்ட்டைச் சிந்திவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றே நினைத்தேன். இறங்கி வந்து பார்த்தால் சிறுபீளை. மூட்டையை உதறின மாதிரி தரையோடு தரையாகப் படர்ந்து கிடந்தது. சுற்றிலும் பச்சையாக இருந்ததெல்லாம் கருகிப்போயிருக்க, அது மட்டும் உயிரோடு இருந்தது. அன்றைக்கு அது எனக்கு ஒரு அதிசயமாகப் படவில்லை. பசி நேரம், தூக்குவாளியைத் தேடிப் போய்விட்டேன்.

முப்பது வருடம் கழித்து அந்தச் சிமென்ட் திட்டு ஞாபகத்துக்கு வந்ததற்குக் காரணம், வீட்டு முன்னால் கிடக்கும் ஒரு சென்ட் இடம்.

வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில், தோவாளைக்கும் ஆரல்வாய்மொழிக்கும் நடுவில், ஒரு சரிவில். மேற்குப் பார்த்த வாசல். வைகாசி பிறந்தால் கணவாய் வழியாக வரும் காற்று ஆவணி தாண்டும்வரை ஓயாது. கதவைத் திறந்து வைத்தால் காலண்டர் கிழியும். மதியத்துக்குமேல் வெயிலும் அதே பக்கம்தான். மார்த்தாண்டத்தில் குடை பிடித்து பஸ் ஏறுகிறவர்கள் தோவாளை வருவதற்குள் குடை காய்ந்து மடக்கி வைத்துவிடலாம், ஆடி மாதத்தில் எங்களுக்கும் மேற்கத்திக்காரர்களுக்கும் அவ்வளவு வித்தியாசம். எங்களுக்கு உருப்படியாகப் பெய்வது ஐப்பசி, கார்த்திகையில்தான். அஸ்திவாரம் தோண்டிய சரளையும் உடைந்த செங்கலையும் முன்னால் தள்ளி மட்டப்படுத்திவிட்டதால் மண்ணும் மண்ணாக இல்லை. போர் 320 அடி. சித்திரையில் 20 நிமிடம் ஓடினால் அதற்கே மூச்சு வாங்கும்.

என் மனைவிக்குப் பச்சை வேண்டும். கொரியன் புல்லைப் பாய் பாயாக வாங்கிப் பதித்தோம். அதற்கு ஊற்றிய தண்ணீரில் இரண்டு மாடு வளர்த்திருக்கலாம். இரண்டாவது பங்குனியில் தேங்காய் நார் மிதியடி மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் மஞ்சள் பூ பூக்கும் ஒரு படர்கொடி. அது வெயிலில் வாடி, மதில் நிழலில் மட்டும் கொழுத்து, ஓடைக்குள் இறங்கிவிட்டது. பிடுங்கிப் போட ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

மகள் பெங்களூரில் இருக்கிறாள். தண்ணீர் இல்லாத ஊர்களில் சாம்பல் இலைச் செடிகளைத்தான் தரையில் படர விடுகிறார்கள் என்று எங்கேயோ பார்த்துவிட்டு ஃபோனில் சொன்னாள். "அப்பா, நட்டுட்டு மறந்துடலாம்பா" என்றாள். சொன்னதோடு நிற்கவில்லை, லாவெண்டர், டஸ்டி மில்லர், லாம்ப்ஸ் இயர் என்று மூன்று விதைப் பொட்டலங்களும் வந்து சேர்ந்தன. 2022 ஆவணியில் தட்டில் விதைத்து, மார்கழியில் மழை ஓய்ந்ததும் முன்னால் நட்டேன்.

லாவெண்டர் முதலிலிருந்தே மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தது. மற்ற இரண்டும் சித்திரை வெயிலில் அப்படி நின்றன. டஸ்டி மில்லர், வெள்ளி ஜரிகையைக் கத்தரித்து வைத்த மாதிரி. லாம்ப்ஸ் இயர், பெயருக்கேற்ப ஆட்டுக்குட்டிக் காது. தொட்டால் கையை எடுக்க மனம் வராது. வாரத்துக்கு ஒரு வாளி தண்ணீர், அவ்வளவுதான். ஆடிக் காற்றையும் தாங்கின. வருகிறவர்களிடமெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டேன். மனைவி மட்டும், "வாசல்ல அடுப்புச் சாம்பலக் கொட்டி வச்ச மாதிரி இருக்கு" என்றாள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். திருநெல்வேலி, தூத்துக்குடி பட்ட பாட்டுக்கு முன்னால் என் செடிகளைப் பற்றிப் பேசுவது அற்பம்தான். ஆனால் அந்த மழை நின்ற மூன்றாம் நாள் வெளியே வந்து லாம்ப்ஸ் இயரின் ஒரு இலையைத் தூக்கிப் பார்த்தது இன்னும் கையில் இருக்கிறது. மேலே பார்த்தால் ஈரக் கம்பளி. அடியில் பழுப்பாக, கொழகொழவென்று, ஊறின மீன்சாக்கு நாற்றம். இலையைத் தூக்கினால் தண்டும் கூடவே வந்தது, வேரை மண்ணில் விட்டுவிட்டு. தை பிறப்பதற்குள் எல்லாம் போய்விட்டன. இரண்டு கோடையைத் தாங்க வேண்டிய செடி ஒரு மழைக்காலத்தில் முடிந்தது.

அதற்குப் பிறகுதான் சாம்பல் இலை ஏன் சாம்பலாக இருக்கிறது என்று கொஞ்சம் நிதானமாகப் படித்தேன். இலைக்குள் பச்சைதான். மேலே வெள்ளை ரோமம் மூடியிருக்கிறது. சிறுபீளை இலையைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தால் பஞ்சு திரண்டு வந்துவிடும், கீழே பச்சை தெரியும். அந்த ரோமம் வெயிலின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பி இலையைச் சூடேறாமல் காக்கிறது. காற்று நேராக இலைத்தோலில் உரசி ஈரத்தை உறிஞ்சாமல் ஒரு தடுப்பும் போடுகிறது. வேட்டி வெள்ளையாக இருப்பதும் தலையில் துண்டு போடுவதும் ஒரே ஆளுக்கு வாய்த்த மாதிரி.

ஆனால் மகள் அனுப்பியவை மத்தியதரைக் கடல் பக்கத்தையும் துருக்கி, ஈரான் பக்கத்தையும் சேர்ந்தவை. அங்கே கோடை வறண்டு கிடக்கும், மழை பெரும்பாலும் குளிரோடு வரும். இங்கே ஐப்பசியிலும் வேர்க்கிறது. மழையும் புழுக்கமும் சேர்ந்து வருகிற ஊரில், ஈரம் போகாமல் காக்கும் அதே கம்பளி மழைத்தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. பூஞ்சணத்துக்கு அதைவிட வசதியான மெத்தை வேண்டாம். ஆக, எங்கள் ஊரில் சாம்பல் இலைச் செடி வாங்குகிறவர் கோடையைத் தாங்குமா என்று கேட்பது பாதிக் கேள்விதான். கார்த்திகையைத் தாங்குமா என்று கேட்கவேண்டும். அதற்கு நர்சரிக்காரரிடம் பதில் கிடையாது. அவர் பச்சை வலைக்குக் கீழே வைத்திருக்கிறார்.

பதில் எனக்குப் பழைய இடத்தில் கிடைத்தது. அந்தத் தை மாதமே ஒரு சாக்கும் கொத்துக்கம்பியும் எடுத்துக்கொண்டு முப்பந்தல் பக்கம் பைக்கில் போனேன். அதே மழை அங்கேயும்தான் பெய்திருந்தது. ரோட்டோரச் சரளையில் சிறுபீளை குத்துக்கல்லாக நின்றது. குனிந்து பார்த்தால் காரணம் ஓரளவு புரிகிறது. இலை விரல் நகம் அளவுதான். ஒன்றன்மேல் ஒன்று படுக்காமல் தண்டில் தள்ளித் தள்ளி இருக்கிறது. அடியிலிருந்தே நாலு பக்கமும் கிளைத்து, நடுவில் காற்றுப் போக வழி விட்டிருக்கிறது. நனைந்தால் அரை மணி நேரத்தில் உலர்ந்துவிடும். ஆட்டுக்குட்டிக் காது மாதிரி தரையில் ஜமுக்காளம் விரிக்கிற ஜாதி இல்லை.

பெரிய செடியாகப் பார்த்துப் பத்துப் பிடுங்கி வந்தேன், பேராசை. பத்தும் செத்தன. ஆணிவேர் நேராக இறங்குகிறது, அது அறுந்தால் அவ்வளவுதான். அப்புறம் போய் இரண்டு விரல் உயரக் குட்டிகளை மண்ணோடு பெயர்த்து வந்தேன், அதில் பாதி பிழைத்தது. உண்மையில் இரண்டுமே வேண்டாத வேலை. காய்ந்த பூங்கதிரை உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, ஆவணிக் கடைசியில் தூவிவிட்டால் போதும். முதல் மழைக்கு அதுவே வந்துவிடும். இப்போது இருப்பதில் முக்கால்வாசி அப்படி வந்ததுதான்.

இரண்டாவது செடி விஷ்ணுகிரந்தி. இதற்கு ஒரு சுற்று வழி உண்டு. ஆடி அமாவாசைக்கு முன்னோருக்குப் பலியிடும் வாவுபலியை ஒட்டிக் குழித்துறையில் நடக்கும் பொருட்காட்சிக்கு மனைவி வீட்டாரோடு போனபோது, செடிக் கடையில் 'ப்ளூ டேஸ்' என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். சாம்பல் கலந்த பச்சை இலை, ரூபாய் நாணயம் அளவில் நீலப் பூ. பிரேசில் நாட்டுச் செடி. 30 ரூபாய் வீதம் நாலு வாங்கினேன். வீட்டுக்கு வந்து உற்றுப் பார்த்தால் எங்கேயோ பார்த்த முகம். அடுத்த நாள் காலை கால்வாய்க் கரையில் நடக்கும்போது பிடிபட்டது. நம் விஷ்ணுகிரந்தியின் அண்ணன் அது. ஒரே பேரினம். எங்கள் ஊர்க்காரி இன்னும் ஒல்லி, பூ சட்டைப் பொத்தானைவிடச் சின்னது, தண்டும் இலையும் பட்டு மாதிரி நரைமுடி. இரண்டுமே காலையில் விரிந்து மதியத்துக்குமேல் மூடிக்கொள்ளும். அரசாங்க ஆபீஸ் நேரம்கூட இல்லை.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நட்டு ஒரு வருடம் பார்த்தேன். ப்ளூ டேஸ் அழகில் ஜெயித்தது. ஆறு மாதத்தில் மூன்றடி படர்ந்து, காலையில் நீலமாகக் கிடக்கும். மனைவிகூட ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சரிவின் அடியில், தண்ணீர் ஒரு நாள் தேங்கி நின்ற இடத்தில் நட்ட இரண்டும் வேர் அழுகிப் போயின. மேலே சரளையில் நட்டவை இன்றுவரை நிற்கின்றன. விஷ்ணுகிரந்தி எந்த இடத்திலும் சாகவில்லை. கோடையில் மேலே கருகினாலும் கட்டையான அடிவேரிலிருந்து மறுபடி தழைத்தது. அழகு வேண்டுமானால் மேட்டில் ப்ளூ டேஸ். மற்ற இடத்தில் நம் ஆள். இதுதான் என் தீர்ப்பு.

சாம்பலில் இன்னொரு வகை உண்டு, ரோமத்தால் வராதது. கோஸ்ட் பிளான்ட் என்று விற்கும் சதைப்பற்றுச் செடி, ரோஜாப் பூ மாதிரி அடுக்கு. அதன் மேல் இருப்பது மெழுகுப் பொடி, நாவல்பழத்தின் மேல் படிந்திருக்குமே, அது மாதிரி. விரல் வைத்தால் ரேகை விழும். அந்த இலை உதிரும்வரை அந்த ரேகை அங்கேயேதான் இருக்கும். எங்கள் வீட்டுக்கு வந்த குழந்தைகள் எல்லாருடைய கைரேகையும் என்னிடம் இருக்கிறது. உதிர்ந்த இலையை மண்மேல் போட்டாலே வேர்விடும் என்பதால் காசு செலவே இல்லை. மழையில் பாதி போகும், பாதி நிற்கும். போனதை நிற்பதிலிருந்து நிரப்பிக்கொள்ளலாம்.

ஒரு சங்கடத்தைச் சொல்லவேண்டும், யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லாதது. மாவுப்பூச்சி வெள்ளை. சாம்பல் இலையும் வெள்ளை. செம்பருத்தியில் வந்தால் ரோட்டிலிருந்தே தெரியும். சிறுபீளையில் வந்தால் மூக்கை ஒட்டி வைத்தாலும் தெரியாது. போன மாசியில் ஒரு திட்டு முழுக்கச் சுருங்கிப்போன பிறகுதான் கண்டுபிடித்தேன். அதுவும் எறும்பை வைத்து. கட்டெறும்பு வரிசையாக ஒரே செடிக்குப் போய்வந்தால் அங்கே பண்டம் இருக்கிறது என்று அர்த்தம். சோப்புத்தண்ணீர் அடித்தேன், சிறுபீளை தப்பித்தது. அதே கையோடு கோஸ்ட் பிளான்ட்டுக்கும் அடித்தது என் புத்தி. மெழுகெல்லாம் கழுவிப்போய், பச்சையாக, ஈரச்சட்டையோடு நிற்கிற பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. அந்தக் கோடையில் அதுதான் முதலில் வெந்தது.

மற்றதெல்லாம் சுருக்கமாக. செருப்படை, குளம் வற்றினால் அடித்தரையில் ஒட்டிக்கொண்டு படரும் சாம்பல் பூண்டு, தேரூர்ப் பக்கத்திலிருந்து கொண்டுவந்தேன். என் சரளையில் பிடிக்கவில்லை. அதற்குக் குளத்துக் களிமண்தான் வேண்டும் போலிருக்கிறது. மரிக்கொழுந்து மனைவி ஒத்துக்கொண்ட ஒரே சாம்பல், தலையில் வைக்கலாமே. ஆனால் அது தண்ணீர் கேட்கும், சில மாதத்தில் முடிந்தும் போகும். தோவாளைப் பூச்சந்தை இத்தனை பக்கத்தில் இருக்கும்போது அதை வீட்டில் வளர்ப்பது ஆடம்பரம். கடற்கரையில் மணலைப் பிடித்துக்கொண்டு கிடக்கும் இராவணன் மீசையும் நீலச்சாம்பல்தான், பார்க்க எனக்கு ஆசை. ஊசி மாதிரி குத்தும், பேரப்பிள்ளைகள் ஓடும் இடத்தில் ஆகாது. பேய்மிரட்டி தரையில் படராது, இடுப்பளவு வளரும். ஆனால் இலை முழுக்கச் சாம்பல் ரோமம், ஊதாப் பூ, காற்றுக்கு அசையாது. மேற்கு மதிலோரம் வரிசையாக நட்டேன். அதன் மறைவில் மற்றவை நிம்மதியாக இருக்கின்றன. அந்த இலையைத் திரித்து எண்ணெயில் போட்டால் திரியாக எரியும் என்று சின்ன வயதில் அம்மை காட்டியிருக்கிறாள். நானும் பேரனுக்குக் காட்டினேன். அவன் உடனே எல்லா இலையையும் பறிக்கப் போய்விட்டான்.

நடும் விஷயத்தில் ஊரே எனக்குச் சொன்ன யோசனை, "அடியில தொண்டு போடு, ஈரம் நிக்கும்" என்பது. தொண்டு என்றால் தேங்காய் மட்டை. தென்னைக்கு அது சரி. நானும் முதல் தடவை தொண்டைக் கவிழ்த்துப் பரப்பி மேலே மண் போட்டேன். மழைக்காலம் முழுக்க அது ஊறின பஞ்சாக இருந்து வேரை அழுக வைத்தது. இந்தச் செடிகளுக்கு ஈரம் நிற்கக்கூடாது, ஓடவேண்டும். தொண்டையெல்லாம் தோண்டி எடுத்துவிட்டு, சரளையோடு முக்கால் அங்குலச் சல்லியும் கலந்து, சரிவை வேண்டுமென்றே கொஞ்சம் கூட்டினேன். எம்-சாண்ட் வாங்கினால் சலித்துத் தூசியை நீக்கிவிட்டுப் போடவேண்டும். இல்லையென்றால் முதல் மழைக்கே சிமென்ட் தரை ஆகிவிடும், இந்தத் தடவை நிஜமாகவே. சாணி உரம் கையளவுகூட வேண்டாம். போட்டால் இலை பெரிதாகி, ரோமம் குறைந்து பச்சை பாய்ந்து, தண்டு நீண்டு சாய்கிறது. மூடாக்குக்குச் சருகு போடுவதற்குப் பதிலாகச் சல்லியைப் போட்டேன். கடையில் வாங்கும் செடியை மார்கழிக் கடைசியில் நட்டால் வெயில் ஏறுவதற்குள் வேர் இறங்கிவிடும். இரண்டு மாதம் வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர். அப்புறம் குழாயைச் சுருட்டி வைத்துவிடலாம்.

மாமியார் விளவங்கோட்டுக்காரி. போன ஆடி அமாவாசைக்கு முந்தின வாரம் வந்திருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே குனிந்து ஒரு கொத்தைத் தொட்டார்.

"மருமகனே, இது செறூளை அல்லவா?"

"ஆமா மாமி, சிறுபீளை."

"இந்தா, விஷ்ணுகிரந்தியும் கிடக்கு. தசபுஷ்பத்துல ரெண்டு உம்ம முற்றத்திலயே கிடக்கு. நான் இதுக்கு வாவு வந்தா தோட்டம் தோட்டமா அலையுறேன்."

தசபுஷ்பம் என்பது அங்கே மங்கலமாக வைத்திருக்கும் பத்துச் செடிகள். அந்தப் பக்கத்தில் திருவிதாங்கூர் வழக்கம் இன்னமும் பாதி இருக்கிறது. வாவுபலிக்குச் செறூளை வேண்டும். பலிக்கு ஒரு கொத்துப் போதும். ஆனால் பக்கத்து வீட்டில் யாருக்கோ சிறுநீரகக் கல்லாம், அதற்குக் கஷாயம் வைக்க வேரோடு வேண்டுமாம். கஷாயத்தைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, அது வைத்தியர் பாடு. திரும்பிப் பார்த்தபோது ஒரு கட்டைப்பை நிறைந்திருந்தது. வாசற்படியின் வலதுபக்கம் மொட்டை. மாமியாரிடம் என்ன சொல்ல முடியும்? பையைப் பஸ்ஸ்டாப்வரை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன்.

அந்த மொட்டையில் ஐப்பசி மழைக்கு மறுபடி குட்டிகள் முளைத்தன, பிடுங்கும்போது உதிர்ந்த விதை. இப்போது பழைய அளவுக்கு வந்துவிட்டது. கடைசி வரை எதுவும் ஒத்துவராத இடம் ஒன்றுதான், ஏசி தண்ணீர் சொட்டும் மூலை. அங்கே எந்தச் சாம்பலை வைத்தாலும் அழுகுகிறது. மூன்று தடவை முயன்றுவிட்டு விட்டுவிட்டேன். போன மாதம் பார்த்தால் மனைவி சொல்லாமல் கொள்ளாமல் அங்கே பொன்னாங்கண்ணி ஊன்றியிருக்கிறாள். இரண்டடிக்கு இரண்டடி, கண்ணைப் பறிக்கும் பச்சை. வியாழக்கிழமை பொரியலும் வைத்தாள்.